ஒத்தொலிக்கும் ஸ்லாவியச் சொற்கள்: வேரும் பொருளும் தேடத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

செக் நாட்டு ரொட்டிக் கடையின் கண்ணாடியில் ‘செர்ஸ்த்வீ ஹ்லேப்’ என்று எழுதியிருந்தால், அன்று காலை சுட்ட புது ரொட்டி உள்ளே இருக்கிறது என்று பொருள். ரஷ்ய மொழி மட்டும் அறிந்தவர் அதைப் படித்தால் கடைக்குள் நுழையத் தயங்குவார். ஏனெனில் அவருடைய மொழியில் ‘சோர்ஸ்த்விய் ஹ்லெப்’ என்பது காய்ந்து இறுகிப்போன பழைய ரொட்டி. இவை தற்செயலாக ஒத்துப்போன சொற்கள் அல்ல. கெட்டியானது, உறுதியானது என்னும் பொருளில் முன்னொரு காலத்தில் வழங்கிய ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். செக் மொழியில் அந்தச் சொல் உறுதி, திடம், துடிப்பு, புதுமை என்று ஒரு பக்கம் நகர்ந்தது. ரஷ்யத்தில் கெட்டி, இறுக்கம், பழசு என்று மறுபக்கம் நகர்ந்தது. போலிஷ் மொழி இரண்டையும் கைவிடவில்லை: வயதாகியும் திடகாத்திரமாக நடமாடும் பெரியவரையும் அங்கே ‘செர்ஸ்த்வி’ என்பார்கள், காய்ந்த ரொட்டியையும் அதே சொல்லால் குறிப்பார்கள்.

ஸ்லாவிய மொழிகளைக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே இத்தகைய சொற்களில் இடறி விழுவதும், அதே வேகத்தில் அவற்றின்மேல் மோகம் கொள்வதும் இயல்பு. அந்த மோகம் நல்லதுதான். ஆனால் காதுக்கு ஒத்திருப்பதை வைத்தே உறவு சொல்லத் தொடங்கினால் சில நாள்களில் எல்லா மொழிகளும் எல்லா மொழிகளிலிருந்தும் பிறந்தனவாகத் தோன்றத் தொடங்கிவிடும். இரண்டு சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது சான்று ஆகாது; அவை எப்படி, எந்த ஒழுங்கில், மற்ற எத்தனை சொற்களோடு சேர்ந்து வேறுபடுகின்றன என்பதே சான்று. கீழே சொல்லும் படிகள் யாவும் இந்த ஒரு கருத்தைக் கையாளப் பழகுவதற்கானவை.

முதல் படி: யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

சொல்லை எடுப்பதற்கு முன் நிலப்படத்தை எடுத்து மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். ஸ்லாவிய மொழிகள் மூன்று கிளைகள். ரஷ்யம், உக்ரைனியம், பெலாரூசியம் ஆகியவை கிழக்குக் கிளை. போலிஷ், செக், ஸ்லோவாக், ஜெர்மனிக்குள் வழங்கும் சோர்பிய மொழிகள், போலந்தின் பால்டிக் கரையோரக் கஷுபியம் ஆகியவை மேற்குக் கிளை. ஸ்லோவேனியம், குரோஷியம், போஸ்னியம், செர்பியம், மாண்டினீக்ரியம், மாசிடோனியம், பல்கேரியம் ஆகியவை தெற்குக் கிளை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரியர் கார்பாத்திய மலைவளையத்துக்குள் குடியேறினர். இன்று ஜெர்மன், ஹங்கேரிய, ருமேனிய மொழிகள் பேசும் நிலங்கள் ஒரு பட்டைபோல நடுவே கிடந்து, தெற்குக் கிளையை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கின்றன.

அண்டை மொழிகளையும் இனம் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். லித்துவேனியமும் லாத்வியமும் பால்டிக் மொழிகள். ஸ்லாவிய மொழிகளுக்கு மிக நெருங்கிய இரத்த உறவு. ஜெர்மன், கிரேக்கம், ருமேனியம், அல்பேனியம் ஆகியவை அதே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் தூரத்து உறவினர். ஹங்கேரியம், ஃபின்னியம், எஸ்தோனியம் ஆகியவை யூராலியக் குடும்பம். துருக்கி மொழி வேறொரு குடும்பம். கடைசியாகச் சொன்ன இரண்டு தொகுதிகளிலும் ஸ்லாவியத்தோடு ஒத்த சொல் ஒன்றைக் கண்டால், அது பெரும்பாலும் கடன் அல்லது தற்செயல் என்று முன்கூட்டியே ஐயம் கொள்ளலாம். இந்த ஓர் ஐயம் பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும்.

இரண்டாம் படி: மூல எழுத்தில் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆனால் உங்கள் குறிப்பேட்டில் அப்படிச் செய்ய வேண்டாம். நம் வல்லின எழுத்துகள் ஒலிப்புடைய ஒலியையும் (‘கங்கை’யின் முதல் ககரம்) ஒலிப்பில்லாத ஒலியையும் (‘கண்’ணின் ககரம்) பிரித்துக் காட்டுவதில்லை. ஸ்லாவியத்திலோ அந்த வேறுபாட்டில்தான் பல சொற்களின் உயிர் இருக்கிறது. ரஷ்யம், பல்கேரியம், செர்பியம் ஆகியவற்றுக்குரிய சிரில் எழுத்தைப் பழக ஒரு வாரம் போதும். செக், போலிஷ் மொழிகளின் இலத்தீன் எழுத்துகள் மேலே கொக்கியும் கோடும் இட்டோ, இரண்டு எழுத்துகளைச் சேர்த்தோ ஒரே ஒலியைக் காட்டுவதால் அவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

எழுத்து சில வேளைகளில் ஒலியைவிடப் பழைய செய்தியைச் சொல்லும். போலிஷில் குறுக்குக்கோடு போட்ட ‘ல்’ இன்று ‘வ்’ போல ஒலிக்கிறது; ஆனால் ஒப்பிடும்போது அதை ‘ல்’ என்றே கொள்ள வேண்டும். ஆகவே கீழே வரும் போலிஷ் சொற்களில் அந்த எழுத்தை ‘ல்’ என்றே தருகிறேன். ‘கோரத்’, ‘க்லோவா’ போன்ற சொற்களின் முதல் ககரத்தைக் ‘கங்கை’ என்பதன் முதல் ககரம்போல ஒலித்துப் படியுங்கள்.

மூன்றாம் படி: ஒழுங்கைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முதுகெலும்பு. இதற்கு எத்தனை மாலைகள் செலவிட்டாலும் தகும்.

பசுவைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ரஷ்யத்தில் ‘கரோவா’ (எழுத்தில் ‘கொரோவா’), போலிஷில் ‘க்ரோவா’, செக்கில் ‘க்ராவா’, செர்பியத்திலும் பல்கேரியத்திலும் ‘க்ராவா’. அடுத்து தலை: ரஷ்யத்தில் ‘கொலோவா’, போலிஷில் ‘க்லோவா’, செக்கில் ‘ஹ்லாவா’, செர்பியத்தில் ‘க்லாவா’. அடுத்து நகரம் அல்லது கோட்டை: ரஷ்யத்தில் ‘கோரத்’ (எழுத்தில் ‘கொரொத்’), போலிஷில் ‘க்ரூத்’ (எழுத்தில் ஒகரம்), செக்கில் ‘ஹ்ராத்’, செர்பியத்தில் ‘க்ராத்’. இந்த மூன்று வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ‘ர்’ அல்லது ‘ல்’ ஒலியின் இரு பக்கமும் ரஷ்யத்தில் ஓர் உயிர் இருக்கிறது; போலிஷில் பின்னால் மட்டும் ‘ஒ’; செக்கிலும் தெற்கு மொழிகளிலும் பின்னால் மட்டும் ‘ஆ’. ஒரு சொல்லில் இப்படி நடந்தால் வேடிக்கை. பத்துச் சொற்களில் பிசகாமல் நடந்தால் அது விதி. பொன்னைக் குறிக்கும் சொல்லிலும் காகத்தைக் குறிக்கும் சொல்லிலும் இதே விதியைப் பார்க்கலாம்.

இன்னொரு விதியும் மேலேயே தெரிகிறது: மற்ற மொழிகளில் ஒலிப்புடைய ககரம் நிற்கும் இடத்தில் செக், ஸ்லோவாக், உக்ரைனியம், பெலாரூசியம், மேல் சோர்பியம் ஆகியவற்றில் ஹகரம் நிற்கும். பால் கன்னடத்தில் ‘ஹாலு’ ஆவதையும் பத்து ‘ஹத்து’ ஆவதையும் கவனித்த தமிழருக்கு இத்தகைய விதியின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

இந்த வரிசைகளுக்கு முன்னிருந்த வடிவம் எது? உயிர் முன்னால் நின்ற ‘கோர்வா’, ‘கோல்வா’, ‘கோர்து’ போன்ற வடிவங்களை அறிஞர்கள் மீட்டமைத்திருக்கிறார்கள். எழுத்தில் எங்கும் கிடைக்காமல் ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்பதைக் காட்ட அகராதிகளில் அதன் முன்னால் ஓர் உடுக்குறி (*) இட்டிருக்கும். அந்தக் குறியை ஒருபோதும் மறந்து எழுதாதீர்கள். இந்த ஊகம் சரியா என்று சோதிக்க வெளியிலிருந்து ஒரு சாட்சி உண்டு. லித்துவேனியத்தில் பசு ‘கார்வே’, தலை ‘கால்வா’, காகம் ‘வார்னா’, கால்நடை அடைக்கும் பட்டி ‘கார்தாஸ்’. ஸ்லாவியத்தில் இடம் மாறிய உயிர் லித்துவேனியத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறது. பட்டி என்னும் பொருளும் நமக்கு உதவுகிறது: வேலியிட்டு அடைத்த இடம் முதலில் கோட்டை ஆயிற்று, கோட்டையைச் சுற்றி வளர்ந்தது நகரம் ஆயிற்று. உக்ரைனியத்தில் ‘ஹொரொத்’ இன்றும் வேலியிட்ட காய்கறித் தோட்டம்தான். போலந்தின் வடமேற்கில் உள்ள ஸ்தார்கார்த் நகரத்தின் பெயரைப் பாருங்கள். ‘பழைய கோட்டை’ என்று பொருள்படும் அந்தப் பெயரில் உயிர் இடம் மாறவே இல்லை. நிலப்படத்தில் நோவ்கொரொத், பெல்கிரேடு எனப்படும் பெயோக்ராத், ஸ்தார்கார்த் மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினால் இந்த விதியின் மூன்று முகங்களும் கண்முன் நிற்கும்.

இந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதைக் கணிக்க ஒரு சொல் உதவுகிறது. ஒப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. அரசனை ரஷ்யத்தில் ‘கொரோல்’, போலிஷில் ‘க்ரூல்’, செக்கில் ‘க்ரால்’, செர்பியத்தில் ‘க்ரால்ய்’ என்பார்கள். விதி அப்படியே பொருந்துகிறது. ஆகவே பழைய வடிவம் ‘கோர்ல்’ என்று வரவேண்டும். ஃபிராங்குகளின் பேரரசராக 800ஆம் ஆண்டு முடிசூடி 814இல் இறந்த கார்ல் என்னும் சார்லமேனின் பெயரே அது என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஒரு மனிதரின் பெயர் பொதுச் சொல்லாகி, அதன் பிறகு மேலே கண்ட விதிக்கு உட்பட்டிருக்கிறது என்றால், அந்த ஒலிமாற்றம் அவர் புகழ் பரவியபோது இன்னும் நடந்து முடியவில்லை. ஆண்டு தெரிந்த ஒரு கடன்சொல் இவ்வாறு ஆண்டு தெரியாத ஒலிமாற்றத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. ஹங்கேரியத்தின் ‘கிராய்’, லித்துவேனியத்தின் ‘காராலியுஸ்’, துருக்கியின் ‘க்ரால்’ எல்லாம் ஸ்லாவியரிடமிருந்து மேலும் பரவியவை.

நான்காம் படி: விதிக்குப் பொருந்தாததைக் கடன் என்று ஐயுறுங்கள்

விதி கைக்கு வந்த பிறகு, அதை மீறும் சொற்களே அதிகம் பேசும். ரஷ்யத்தில் ‘கொலோவா’ என்றால் தலை; ‘க்லாவா’ என்றால் நூலின் இயல் அல்லது ஒரு நிறுவனத்தின் தலைவர். ஒரே மொழியில் இரண்டு வடிவம் எப்படி வந்தது? 863இல் மொராவியாவுக்குப் புறப்பட்ட தெசலோனிக்கா நகரத்துச் சகோதரர்கள் சிரிலும் மெத்தோடியஸும் தெற்கு ஸ்லாவியப் பேச்சை அடிப்படையாக வைத்துத் திருச்சபை ஸ்லாவியம் எனப்படும் திருநூல் மொழி ஒன்றை உருவாக்கினர். பின்னர் அது பல்கேரியா வழியாகக் கீவுக்கும் அதன் வடக்கே உள்ள நிலங்களுக்கும் சென்றது. வீட்டில் பேசிய சொல் ‘ஒரொ’ வடிவத்திலும், கோவிலில் படித்த சொல் ‘ரா’ வடிவத்திலும் நிலைத்தன. ஆகவேதான் ரஷ்யத்தில் பால் ‘மொலொகோ’, வானத்துப் பால்வீதியோ தெற்கு வடிவமான ‘ம்லேச்னி’ என்னும் அடையோடு வரும். இத்தகைய இரட்டைகளில் உயர்ந்த, நூல்வழக்குப் பொருள் பெரும்பாலும் தெற்கு வடிவத்திடம் இருக்கும்.

அண்டை மொழிகள் வாங்கிய கடனும் சில வேளைகளில் கொடுத்தவர் தொலைத்ததைப் பத்திரமாக வைத்திருக்கும். பழைய ஸ்லாவியத்தில் மூக்கொலி உயிர்கள் இருந்தன. இன்று பெரிய மொழிகளில் போலிஷ் மட்டுமே அவற்றைத் தெளிவாகக் காக்கிறது. வெள்ளிக்கிழமை, அதாவது ஐந்தாம் நாள், போலிஷில் ‘பியோந்தெக்’, ரஷ்யத்தில் ‘பியாத்னித்சா’, குரோஷியத்தில் ‘பேதாக்’. ஹங்கேரியத்தில் அது ‘பேந்தெக்’. அண்டை வீட்டாரைப் போலிஷில் ‘சோன்ஷியாத்’ என்றும் ரஷ்யத்தில் ‘சொசேத்’ என்றும் சொல்ல, ஹங்கேரியர் ‘சோம்சேத்’ என்கிறார்கள். மூக்கொலி இழக்கப்படுமுன்பே ஹங்கேரியர் இச்சொற்களை வாங்கிவிட்டனர் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஹங்கேரியத்திலும் ருமேனியத்திலும் ஏறக்குறைய ‘முங்கா’ என்றே ஒலிக்கும் சொல்லுக்கு வேலை என்று பொருள். மூலமான ஸ்லாவியச் சொல்லுக்கோ வேதனை என்று பொருள். ரஷ்யர் அதை மூக்கொலி இல்லாமல் ‘மூக்கா’ என்கிறார்கள்.

இனப்பெயர்களிலும் இதே வேலையைச் செய்து பார்க்கலாம். ஜெர்மானியர் தம் அண்டையில் வாழ்ந்த இலத்தீன்மொழியினரைக் குறித்த சொல் ஒன்றை ஸ்லாவியர் வாங்கினர். அது ரஷ்யத்தில் ‘வொலோஹ்’ ஆகி ருமேனியரைக் குறித்தது; போலிஷில் ‘வ்லோஹி’ ஆகி இன்றும் இத்தாலி நாட்டின் பெயராக இருக்கிறது; செக்கில் ‘வ்லாஹ்’ ஆகிப் பழைய வழக்கில் இத்தாலியரைச் சுட்டியது. ஒரொ, ரொ, ரா என்ற அதே வரிசை இங்கே ஒலொ, லொ, லா என்று நிற்பதைக் கவனியுங்கள். ஹங்கேரியர் இதே சொல்லை இரண்டு வடிவத்தில் வாங்கி, ‘ஒலாஹ்’ என்று ருமேனியரையும் ‘ஒலஸ்’ என்று இத்தாலியரையும் பிரித்தழைத்தனர். ஜெர்மானியருக்கு ஸ்லாவியர் வைத்த பெயர் வேறு வகை: ‘நேமெத்ஸ்’ என்ற அச்சொல் ஊமை என்று பொருள்படும் அடியிலிருந்து பிறந்தது. பேச்சு புரியாதவர் ஊமைக்கு ஒப்பானவர் என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது.

கடன் எந்த வாசல் வழியாக வந்தது என்பதையும் வடிவமே காட்டும். இனிப்புக்கு நாம் இடும் சர்க்கரை, பொடிக்கல் என்ற பொருளும் உடைய வடமொழிச் ‘சர்க்கரா’விலிருந்து தமிழுக்கு வந்தது. அதே சொல் மேற்கே மூன்று பாதைகளில் சென்றது. கிரேக்கத்தின் வழியாகப் போனது ரஷ்யத்தில் ‘சாஹர்’ என்றும் பல்கேரியத்தில் ‘ஸாஹர்’ என்றும் ஆயிற்று. அரபு, இத்தாலியம், ஜெர்மன் என்று சுற்றிப் போனது செக்கில் ‘த்ஸுக்ர்’ என்றும் போலிஷில் ‘த்ஸுகியெர்’ என்றும், போலிஷிலிருந்து உக்ரைனியத்தில் ‘த்ஸுகொர்’ என்றும் ஆயிற்று. பாரசீகம், துருக்கி வழியாகப் போனது செர்பியத்தில் ‘ஷெச்செர்’ ஆயிற்று. எந்த ஊர்ச் சந்தைக்கு யார் சர்க்கரை கொண்டுவந்தார்கள் என்பதை இந்த மூன்று வடிவங்களும் சொல்கின்றன. இஞ்சியும் இவ்வாறு பயணம் போன சொல்தான். ரஷ்யத்தின் ‘இம்பிர்’, செக்கின் ‘ஸாஸ்வொர்’, செர்பியத்தின் ‘ஜும்பிர்’ ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாதவைபோலத் தெரிந்தாலும், இலத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னோக்கிப் போனால் திராவிட ‘இஞ்சிவேர்’ வரை சென்று சேர்கின்றன. காதுக்கு ஒத்திராத சொற்களும் ஒரே சொல்லாக இருக்கலாம் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டு மறக்க விடாது.

ஐந்தாம் படி: பொருள் எப்படி நகர்ந்தது என்று கதையாகச் சொல்லிப் பாருங்கள்

ஒலி விதிக்குள் வந்துவிட்டது, பொருள் மட்டும் எதிரும் புதிருமாக இருக்கிறது என்றால், நடுவில் நின்ற பொருளைத் தேட வேண்டும். பிராகாவின் தெருவில் ‘பொஸோர்’ என்ற பலகையைப் பார்த்தால் கவனம் என்று பொருள். ரஷ்யத்திலும் பல்கேரியத்திலும் அதே சொல்லுக்கு அவமானம் என்று பொருள். போலிஷில் ‘பொஸூர்’ என்றால் வெளித்தோற்றம். செர்பியத்தில் ‘பொஸோரிஷ்தே’ என்றால் நாடக அரங்கு. அரங்கு என்பதிலேயே விடை இருக்கிறது: அடிச்சொல்லின் பொருள் பார்வை. பார்த்துப் போ என்பது எச்சரிக்கை ஆயிற்று. பார்ப்பதற்குத் தெரிவது தோற்றம் ஆயிற்று. பலர் பார்க்க நடப்பது கூத்து ஆயிற்று. பலர் பார்க்க ஒருவரை நிறுத்துவது அவமானம் ஆயிற்று. பழைய ரஷ்ய எழுத்துகளில் இச்சொல் காட்சி என்ற பொருளில் வருவதால் இந்தக் கதை வெறும் ஊகம் அல்ல. நடுப்பொருளுக்கு எங்காவது எழுத்துச் சான்று கிடைக்கும்வரை உங்கள் கதையை முடிந்ததாகக் கருதாதீர்கள்.

‘ஸ்க்லெப்’ போலிஷில் கடை, செக்கில் நிலவறை, ரஷ்யத்தில் கல்லறை அறை. வளைவுக்கூரை கட்டிய அறை என்பது பொதுப்பொருள். போலந்தில் அத்தகைய அறைகளில் சரக்கு வைத்து விற்றதால் கடை ஆயிற்று. ‘ஸ்தொல்’ ரஷ்யத்தில் மேசை, பல்கேரியத்தில் நாற்காலி; திருச்சபை ஸ்லாவியத்தில் அரியணை. அரியணை இருக்கும் ஊர் என்பதால் ‘ஸ்தொலித்சா’ ரஷ்யத்திலும் போலிஷிலும் தலைநகரம். செர்பியத்தில் அதே ‘ஸ்தொலித்சா’ சாதாரண நாற்காலி. ஹங்கேரியரின் மேசையான ‘அஸ்தல்’ இதே சொல்தான். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்களைச் சேர்த்து ஒலிக்க விரும்பாததால் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் எல்லா எதிர்ப்பொருளும் நகர்வினால் வந்தவை அல்ல. போலிஷ் ‘உரோதா’ என்றால் அழகு. ரஷ்ய ‘உரோத்’ என்றால் உருக்குலைந்தவர், அருவருப்பானவர் என்ற வசை. இரண்டிலும் பிறப்பைக் குறிக்கும் ‘ரோத்’ இருக்கிறது. ஒரே சொல் அழகிலிருந்து அசிங்கத்துக்கு நகர்ந்தது என்று எழுதிவிட ஆசை வரும். பொறுங்கள். திருச்சபை ஸ்லாவியத்தில் இரண்டாவது சொல் மூக்கொலி உயிரோடு தொடங்குகிறது; அது குறையைக் குறித்த தனி முன்னொட்டு. மூக்கொலி ரஷ்யத்தில் ‘உ’ ஆனதால் இரண்டு முன்னொட்டுகளும் இன்று ஒன்றுபோலத் தெரிகின்றன. மூன்றாம், நான்காம் படிகளை முடிக்காமல் ஐந்தாம் படிக்கு வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மாதப் பெயர்களில் பொருள் மாறாமலேயே குறிப்பு மாறுகிறது. இலையுதிர்வைக் குறிக்கும் ‘லிஸ்தொபாத்’ குரோஷியத்தில் அக்டோபர். போலிஷ், செக், உக்ரைனிய மொழிகளில் நவம்பர். அரிவாளின் பெயர் கொண்ட மாதம் குரோஷியத்தில் ஜூலை, செக்கிலும் போலிஷிலும் ஆகஸ்ட். லிண்டன் மரம் பூப்பது குரோஷியருக்கு ஜூன். போலிஷ்காரருக்கும் உக்ரைனியருக்கும், ‘லியேபா’ என்று மரத்தின் பெயரையே வைத்திருக்கும் லித்துவேனியருக்கும் ஜூலை. தெற்கே பூப்பும் அறுவடையும் முந்தி வருகின்றன. ஆனால் செக் மொழியில் மே மாதமான ‘க்வியெதென்’ போலிஷில் ஏப்ரல் ஆவதற்கு இந்த விளக்கம் உதவாது. ஆகவே தட்பவெப்பத்தை விதியாக ஆக்கிவிட வேண்டாம். கடிதத்திலோ பயணச்சீட்டிலோ மாதப் பெயரைக் கண்டால் எந்த மொழி என்று முதலில் பாருங்கள். வழி கேட்கும்போதும் அப்படியே: ‘நப்ராவோ’ என்றால் ரஷ்யத்தில் வலப்பக்கம், பல்கேரியத்தில் நேராக.

ஆறாம் படி: தற்செயலுக்கு இடம் விடுங்கள்

மனித வாய் எழுப்பும் ஒலிகள் குறைவு, சொற்களோ பல்லாயிரம். சில மோதிக்கொள்ளவே செய்யும். ‘நே’ என்றால் பல்கேரியத்தில் இல்லை. எல்லைக்கு அப்பால் கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆம். ‘துராக்’ ரஷ்யத்தில் முட்டாள். ‘துரக்’ துருக்கியில் பேருந்து நிறுத்தம், நில் என்ற வினையிலிருந்து வந்தது. இவற்றுக்கு உறவு தேடுவது வீண். சொல் சிறியதாக இருந்தால் தற்செயலின் வாய்ப்புப் பெரிது என்பதை மனத்தில் வையுங்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு மொழிகளிலும் அடி ஒரே இடத்தில் பிரிகிறதா, அதே அடியிலிருந்து வேறு சொற்களும் இருபுறமும் பிறந்திருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பெரும்பாலானவை தெளிந்துவிடும்.

ஏழாம் படி: அகராதியும் அட்டையும்

ரஷ்யச் சொல்லிலிருந்து தொடங்குவோருக்கு மாக்ஸ் ஃபாஸ்மரின் ரஷ்யச் சொற்பிறப்பியல் அகராதியே நல்ல துணை. பெர்லினில் அவர் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளும் நூலகமும் 1944 சனவரிக் குண்டுவீச்சில் அழிந்தன. மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, 1950 முதல் 1958 வரை ஹைடெல்பர்க்கில் அதை ஜெர்மனில் வெளியிட்டார். ஒலெக் துருபச்சோவ் சேர்க்கைகளோடு செய்த ரஷ்ய மொழிபெயர்ப்பு 1964 முதல் 1973 வரை வெளிவந்தது. இணையத்திலும் படிக்கக் கிடைக்கிறது. ஒரு பதிவைப் படிக்கும்போது ‘உறவுடையது’ என்று அவர் எழுதினால் உறவு சொல்கிறார் என்றும், ‘இலிருந்து’ என்று எழுதினால் கடன் சொல்கிறார் என்றும் கொள்ளுங்கள். மாற்றுக் கருத்துகளை அவர் பதிவின் இறுதியில் தருவதால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லும் அதன் மூல எழுத்தும். நடுவில் மொழிவாரியாக வடிவமும் பொருளும். கீழே மரபுச் சொல்லா, கடனா, தற்செயலா என்ற முடிவும், அந்த முடிவுக்குக் காரணமான விதியும். காரணம் எழுத முடியாவிட்டால் முடிவு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். என் பெட்டியில் அப்படிப் பல அட்டைகள் இன்னும் காத்திருக்கின்றன.

முதல் அட்டைக்கு ‘திவான்’ என்ற சொல்லை எடுக்கலாம். ரஷ்யத்திலும் செக்கிலும் சாய்வு இருக்கை. போலிஷில் ‘திவான்’ என்றால் தரைவிரிப்பு. பாரசீகத்தில் கணக்கேடு, அலுவலகம், அரசவை என்ற பொருள்களில் வழங்கிய இச்சொல், அவையில் விரித்த விரிப்புக்கும் இட்ட இருக்கைக்கும் பெயராகித் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. அதே பாரசீகச் சொல்தான் இந்தப் பக்கம் வந்து புதுக்கோட்டைக்கும் திருவிதாங்கூருக்கும் திவான்களைத் தந்தது. செக் மொழியில் நாடக அரங்கைக் குறிக்கும் ‘திவாத்லோ’வை இந்த அட்டையில் சேர்க்காதீர்கள், அது பார் என்று பொருள்படும் ஸ்லாவிய வினையிலிருந்து வந்தது. செர்பியத்திலோ ‘திவான்’ இரண்டு. ஒன்று துருக்கியிலிருந்து வந்த அவை, உரையாடல். மற்றொன்று வியப்பைக் குறிக்கும் ஸ்லாவிய அடியிலிருந்து பிறந்த அற்புதமான என்னும் அடைமொழி. அந்த இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு அட்டைகள் எழுதுங்கள்.